துளசிராமனின் படகு இன்ஜின்கள்

கும்மிடிப்பூண்டியில் ஜி.என்.டி. ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் இருந்தது. அதன் வாசலில் 'எம். துளசிராமன், மெரைன் இன்ஜினியர்' என்று ஒரு போர்டு 1964லிருந்து பதினான்கு வருஷம் தொங்கியது. துளசிராமன் கடலில் முழங்கால் வரைகூட இறங்கியவர் அல்ல. அதற்கு முன்னால் பம்புசெட் கம்பெனி ஒன்றுக்கு ஏஜெண்டாக இருந்தபோது கையில் வைத்திருந்த விலைப்பட்டியல்தான் அவர் படித்த இன்ஜினியரிங். நான் ஜெயராஜ். ஒன்பது வருஷம் அவரிடம் லேத்தும் ஃபிட்டர் வேலையும் செய்தேன். அந்த ஒன்பது வருஷத்தில் அவர் ஸ்பேனரைத் தொட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. போட்டோ எடுப்பதற்காக. அவர் என்று சொல்வது மரியாதைக்காக அல்ல, பழக்கத்தால்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு விபத்துதான். எண்ணூர்ப் பக்கம் கால்வாய்ச் சேற்றில் புதைந்து கிடந்த ஒரு பழைய லாஞ்சின் இன்ஜினை, உடைத்து விற்பதற்காக இரும்பு எடைக்கு வாங்கி வந்து ஷெட்டில் போட்டிருந்தார். நெல்லூரிலிருந்து சோழவரத்துக்குக் கார் ரேஸ் பார்க்கப் போன ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை, வழியில் டயர் பஞ்சராகி எங்கள் ஷெட்டில் ஒதுங்கினான். அந்த இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஆன்டிக்" என்று தன் சிநேகிதனிடம் ஏதோ சொன்னான். பேசிய விலைக்கு மேலேயே கொடுத்துவிட்டுப் போனான். துளசிராமனுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது. சரியாகச் சொல்ல வராது. "ஆண்டிகா" என்பார். எங்கே பழைய படகு உடைகிறது, எந்த லாஞ்ச் கரை ஒதுங்கியது என்று பழவேற்காடு வரைக்கும் ஆள் வைத்து விசாரிக்க ஆரம்பித்தார்.

அந்த வேலை நல்ல வேலை. இருபது வருஷம் உப்புத் தண்ணீர் தின்ற இன்ஜினை நாள்கணக்கில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இறுகிப்போன பிஸ்டனை உடையாமல் வெளியே எடுத்து, புது ரிங் கடைந்து போட்டு, திரும்ப ஓட வைப்பதில் இருக்கிற சந்தோஷம் எனக்குத் தெரியும். ஆனால் துளசிராமனுக்கு ஓடுகிற இன்ஜின் தேவையில்லை.

"உள்ளார இன்னா இருந்தா இன்னா நைனா? வாங்குறவன் இன்னா, அத்துல ஏறி சிலோனுக்கா போவப்போறான்? ஹால்ல வெச்சிக்கினு பாக்கப்போறான். பெயிண்ட்டப் பாரு, பித்தளையப் பாரு."

ஆகவே ஓட்டையை இரும்புத் தூளும் நவச்சாரமும் குழைத்து அடைத்தோம். மேலே பச்சைப் பெயிண்ட். கம்பெனி பேர் இல்லாத இன்ஜினுக்குப் பேர்போன ஸ்காட்லாந்துக் கம்பெனி ஒன்றின் பேரில் பித்தளைத் தகடு. அது திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் டஜன் கணக்கில் தயாராகி வந்தது. தகட்டில் நம்பர் குத்துவது என் வேலை. என்ன நம்பர் என்று கேட்டால், சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்த்துச் சொல்வார். மெட்ராஸில் பெரிய பெரிய வீடுகளின் முன்ஹாலில் எங்கள் பஸ் டிக்கெட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. வாங்கியவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. தடவிப் பார்ப்பார்கள். "பிரிட்டிஷ் வேலைன்னா வேலைதான்" என்பார்கள். அவர்கள் தடவியது நான் போன வாரம் அடைத்த ஓட்டையை.

1971இல் பழவேற்காட்டிலிருந்து ஒரு சின்ன இன்ஜின் வந்தது. விற்றவள் கங்கம்மா என்ற மீனவப் பெண். வண்டியில் ஏற்றும்போது அவள் ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "எங்க மாமனார் வாங்கினது. ஒரு நாளும் நடுக்கடல்ல நின்னதில்ல."

பிரித்துப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த இன்ஜினில் எல்லா நட்டும் ஒரே அளவு. படகில் ஒரே ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும், மொத்தத்தையும் கழற்றி மாட்டிவிடலாம். மீன் பிடிக்கப் போகிறவனின் கஷ்டம் தெரிந்த யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறான். சிலிண்டரின் பக்கத்தில், இரும்போடு இரும்பாக வார்த்த தமிழ் எழுத்து புடைத்து நின்றது: 'எம்பார், ராயபுரம், 1927'. மூன்று வாரத்தில் அதை ஓடவிட்டேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

துளசிராமன் வந்தார், எழுத்தைப் படித்தார், சிரித்தார்.

"தமிழ்ல பேர் போட்ட இன்ஜின எவன்டா வாங்குவான்? தேச்சி உட்டுட்டு நம்ம தகட்டப் போடு. வீல் சின்னதாக்கீது, பெர்சா ஒண்ணு மாட்டு. நட்டெல்லாம் கழட்டிட்டுப் பித்தளைல போடு, பளபளன்னு இருக்கட்டும்."

"மொதலாளி, இந்த மாரி இன்ஜின நான் பாத்ததேயில்ல. இத்த இப்டியே வுட்ருவோம்."

"நீ பாத்து இன்னா ஆவப்போவுது?"

தேய்த்தேன். உளியும் அரமும் வைத்து அரை நாள் வேலை. வேறு பட்டறைக்குப் போயிருந்தாலும் எனக்கு வேலை கிடைத்திருக்கும். யாரும் என் கையைப் பிடித்து இழுத்துச் செய்ய வைக்கவில்லை. அவர் சொன்ன பெரிய ஃப்ளைவீல் அந்த இன்ஜினுக்குப் பொருந்தாதது. அதை மாட்டியபிறகு இன்ஜின் ஓடவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு அம்மாள் வந்தார். பேர் கோமளவல்லி, திருவள்ளூரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதிருக்கும். மெட்ராஸ் போய் வண்டி மாறி, தனியாக வந்திருந்தார். எம்பார் அவருடைய அப்பா. கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பத்தில் பிறந்து, அது வேண்டாம் என்று ராயபுரத்தில் வார்ப்புப் பட்டறை வைத்தவர். மொத்தமே நான்கு படகு இன்ஜின்கள்தான் செய்தார். மூன்று எங்கே போயிற்றென்று தெரியாது. நான்காவதைத் தேடிப் பழவேற்காடு போய், கங்கம்மா சொல்லி இங்கே வந்திருக்கிறார்.

"அது மேல அப்பா பேர் தமிழ்ல இருக்கும். கெடைச்சா நானே எடுத்துக்கறேன். முக்கியமா, அது ஓடற சத்தத்தை ஒரு தடவை கேக்கணும்" என்றார்.

துளசிராமன் கை கட்டிக்கொண்டு நின்றார். "இங்கதாம்மா இருக்குது. ஜாக்கிரதையா வெச்சிருக்கோம். இப்ப பார்ட் பார்ட்டா கழட்டிப் போட்டிருக்கு. பத்து நாள் களிச்சி வாங்க."

அந்த அம்மாள் போனதும் நான் துளசிராமனிடம் சொன்னேன். "உண்மையச் சொல்லிக் குடுத்துடலாம் மொதலாளி. அசல் சாமான்தானே? பழைய வீலும் நட்டும் மூலைல கீது. ரெண்டு நாள்ல ஓட்டிக் காட்டிடறேன்."

"தேச்சிட்டோம்னு சொன்னா டப்பு வருமாடா? பேஜாரு பண்ணாத. தமிழ்ல ஒரு தகடு அடிச்சிக்கினு வா, போதும்."

திருவொற்றியூர்ப் பட்டறையில் தமிழ்த் தகடு அடித்து வாங்கி வந்தேன். ஸ்காட்லாந்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, நான் எழுத்தைத் தேய்த்த இடத்திலேயே புதுத் தகட்டை நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன்.

பத்தாம் நாள் கோமளவல்லி அம்மாள் வந்தார். பச்சைப் பெயிண்ட்டும் பெரிய வீலும் பித்தளை நட்டுமாக நின்ற இன்ஜினைச் சுற்றிப் பார்த்தார். தகட்டை விரலால் தொட்டார். பிறகு பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது அப்பா பண்ணதில்லை."

"அசல்மா! நானே கியாரண்டி" என்றார் துளசிராமன்.

"அப்பா எழுத்தை இரும்புலயே வார்த்திருந்தார். அச்சுக்கட்டையை அவர் செதுக்கறச்சே நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். தகடு வெச்சா எவனாவது கழட்டி வேற மாட்டிடுவான்னு சொல்வார். ஏதோ ஒரு பழைய இரும்புல அவர் பேரை ஒட்டி வெச்சிருக்கேள்." துளசிராமன் மேலும் ஏதோ ஆரம்பித்தார். அந்த அம்மாள் காது கொடுக்கவில்லை. பையை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

துளசிராமன் செய்த பொய் எல்லாவற்றையும் ஊர் நம்பியது. அவரிடம் இருந்த ஒரே நிஜத்தைப் பொய்யாக்கியதும் அவரேதான். அந்த ஆளுக்கு அதுகூட உறைக்கவில்லை. "படிச்ச பொம்பள, டவுட்டு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தார்.

நான் கையைக்கூடத் துடைக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அந்த அம்மாள் பிளாட்பாரத்தில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, அது உங்கப்பா இன்ஜின்தாம்மா. எழுத்து இருந்துச்சி. தேச்சிட்டோம்."

"யார் தேச்சா?"

"நான்தாம்மா."

என் கையைப் பார்த்தார். "ஓடித்தா?"

"ஓடுச்சிம்மா. மொத சுத்துலயே புடிச்சிக்கிச்சி. எல்லா நட்டும் ஒரே சைஸு. அந்த மாரி யாரும் செஞ்சதில்லமா. பழைய எழுத்த நானே திரும்ப வெட்டித் தரேன். பழைய வீலு மாட்டி ஓட்டிக் காட்டறேன்."

"வேண்டாம்ப்பா. நீ சொல்றதை நம்பறேன். அதனாலதான் வேண்டாம்." எழுந்து நின்றார். "அப்பா இரும்பு வேலைக்குப் போனார்னு எங்க பந்துக்கள் அவரை வாசப்படி மிதிக்க விடலை. நாப்பது வருஷம் அவாளைத்தான் நான் திட்டிண்டிருந்தேன். அவாகூட அப்பா பேரை அழிக்கலை."

வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. தமிழ்த் தகட்டைக் கழற்றி ஸ்காட்லாந்துத் தகட்டை மறுபடி மாட்டியதும் நான்தான். இந்தப் பக்கம் புதிதாக வந்த கம்பெனிகளில் ஒரு ரோலிங் மில்லின் முதலாளி அதை வாங்கி, மில் கேட்டுக்குள் சிமெண்ட் மேடை கட்டி வைத்தார். 1973இல் எனக்கு வேறொரு கம்பெனியில் லேத் வேலை கிடைத்தது. ஷிப்ட்டுக்குப் போகிற வழியில் அந்த கேட் வரும். மழையில் பச்சைப் பெயிண்ட் உரிந்து, உள்ளிருந்து துரு தெரிய ஆரம்பித்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் யாரோ மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்கள்.

துளசிராமன் நன்றாகத்தான் இருந்தார். பழைய படகுகள் கிடைப்பது குறைந்ததும், 1978இல் போர்டை இறக்கிவிட்டு ஜெனரேட்டர் வியாபாரத்துக்குப் போனார். பவர் கட் புண்ணியத்தில் அதுவும் பிடித்துக்கொண்டது. வியாபாரிகள் சங்கத்தில் மாலை போட்டு, பழம்பொருளைக் காப்பாற்றியவர் என்று பேசினார்கள். நான் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்தேன்.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தேன். அவரேதான் கூப்பிட்டார். "இன்னா ஜெயராஜு, சௌக்கியமா? அந்த டீச்சரம்மா ஒண்ணு வந்துச்சே, ஞாபகங்கீதா? கைல கெடச்சத வேணாம்னுட்டுப் போச்சு பாரு. அசல் சாமான்டா அது. சில ஜனங்களுக்கு எது அசலுன்னே தெரியாது."

எனக்கும் சேர்த்து டீ சொன்னார். வாங்கிக் குடித்தேன்.