சுனைக்கு நான் எழுதிய இருபத்திரண்டு விநாடி

ஓடையில் தண்ணீர் ஏறினால் பூமிக்கடியிலும் தண்ணீர் ஏறுகிறது என்று நம்பிய அறிவாளி நான். இருபது வருடம் போர்வெல் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்தவன் இப்படி நம்பினான் என்பதை வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு வருடம் முன்பு, நாமக்கல் பக்கம், கரடு என்று நாங்கள் சொல்லும் பாறைக் குன்றின் அடியில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. கரட்டின் மறுபுறம் கல்குவாரி. அங்கே குழி ஆழமாக ஆக, இந்தப் பக்கத்துச் சுனை வற்றிவிடுமோ என்று பயந்து மனுக் கொடுத்தோம். விசாரிக்க வந்த அதிகாரி, "வாயால சொன்னா எடுபடாது. ஒரு வருஷம் தினமும் அளந்து எழுதிக் கொண்டாங்க" என்றார். கையைத் தூக்கியது நான்தான்.

ஓடையில் நட்ட அளவுக் கம்பில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் என்று பார்க்க வேண்டும். பிறகு கரட்டில் ஏறி, சுனையில் பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று செல்போனில் பார்க்க வேண்டும். இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். ஓடை, டீக்கடைக்குப் பின்னாலேயே. சுனைக்கு அரை மணி நேர ஏற்றம்.

ஐந்து மாதம் ஒழுங்காக ஏறினேன். மாசியில் ஒரு சொட்டு மழை இல்லாமல் ஓடையில் தண்ணீர் கூடியது. கம்பில் நான்கு, ஏழு, பதினொன்று. ஐப்பசி மழை இப்போதுதான் பாறைக்குள் இறங்கி வருகிறது என்று டீக்கடையில் விளக்கம் வேறு கொடுத்தேன். ஓடையே இப்படி ஓடும்போது சுனைக்கு என்ன கேடு? ஏறுவதை நிறுத்தினேன். கடைசியாக அளந்த இருபத்திரண்டு விநாடியையே மூன்று வாரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன்.

அந்தச் சுனைத் தண்ணீரைக் குழாய் போட்டு இறக்கி, ஒரு ஏக்கரில் விவசாயம் பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கு வேறு தண்ணீர் கிடையாது.

"ஏஞ் சாமி, குச்சிக்கிழங்கு நட்டா தண்ணி தாங்குமா?"

"அட, நடுங்கக்கா. ஓடையே இந்த ஓட்டம் ஓடுது!"

மரவள்ளிக் குச்சிகளை ஒரு ஏக்கரிலும் நட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, அளவுக் கம்பையே தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் சுண்ணாம்பு கரைத்தது போல வெள்ளையாகப் புரண்டு வந்தது. "ஏரி ஒடஞ்சிருச்சு! எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க!" என்று கத்தினேன். முதலில் ஓடியதும் நானே. குடிநீர்த் தொட்டி ஏணியில் பாதி ஏறிய பிறகுதான், என் வேட்டி கீழே தங்கிவிட்டது தெரிந்தது. எங்கள் பக்கம் ஏரியே கிடையாது என்பது அதற்கும் பிறகுதான் உறைத்தது. தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை.

டீக்கடைக்காரர் அண்ணாந்து, "ஏனுங் மாமா, அங்கிருந்து மேட்டூர் டேம் தெரியுதுங்களா?" என்றார்.

சிரிப்பு அடங்கும் முன்பு அந்த அக்கா காலி வாளியோடு வந்தார். "சுனை நின்னு போச்சு சாமி. குழாய்லதான் அடப்புன்னு நாலு நாளா ஊதீட்டுக் கெடந்தேன். தண்ணி நல்லா வருதுன்னு நீதான எழுதீருக்கற?"

எனக்கு ஏணியிலிருந்து இறங்க மனமே வரவில்லை.

ஓடையைப் பிடித்துக்கொண்டு, கரட்டைச் சுற்றி மறுபுறம் வரை மேலே நடந்தோம். குவாரிக் குழியில் பாறை வெடிப்புகளிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதை மோட்டார் வைத்து ஓடைக்குள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரண்டாவது மோட்டாரும் சேர்ந்திருந்தது. மூன்று வாரம் நான் கம்பில் அளந்து சந்தோஷப்பட்டது எங்கள் சுனையின் தண்ணீரை.

நோட்டை அதிகாரியிடம் கொண்டுபோனோம். பொறுமையாகப் புரட்டினார். "மோட்டார் ஓடுன நாள்லகூட சுனை கொறையவே இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?" என்றார். உண்மையைச் சொன்னேன். "அப்போ மத்த அஞ்சு மாசத்தை எப்படி நம்பறது?" என்று நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

குழி காய்ந்ததும் மோட்டாரை எடுத்துவிட்டார்கள், ஓடையும் நின்றது. அக்காவின் குச்சிகள் விரல் உயரத்துக்குத் துளிர்விட்டுக் கருகின. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது தினமும் கரடு ஏறுகிறேன். வாளியை வைத்துவிட்டு, 'தண்ணீர் இல்லை' என்று எழுதிவிட்டு இறங்குகிறேன். அந்தச் சுனை குறையத் தொடங்கியது எந்த நாள் என்று பார்த்திருக்க வேண்டியவன், அன்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தான்.