அம்மா ரொப்பிய கேன்

அக்கி ஆறிப்போயும் அப்பாவின் விலாவில் நரம்பு வலி தங்கிவிட்டது. மாத்திரை போட்டால் வலி அடங்கும். ஆனால் பகலெல்லாம் தூக்கம், எழுந்தால் தள்ளாட்டம். இரண்டு முறை விழுந்தார். எங்கள் ஆம்பூர் டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, "கிரியாட்டினின் நார்மல். கிட்னி நல்லாருக்கு, மாத்திரைய நிறுத்தாதீங்க" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

மூன்றாம் முறை விழுந்து புருவம் கிழிந்தது. ஷூ கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, அவரை வேலூருக்கு அழைத்துப்போனேன். அங்கே டாக்டரம்மா அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"சதையே இல்லையேம்மா. கிரியாட்டினின் சதையிலேருந்து வர்றது. சதை கம்மின்னா அதுவும் கம்மியாத்தான் காட்டும். நார்மல்னு ஏமாந்துடக் கூடாது. கிட்னி சரியா வடிகட்டலன்னா மாத்திரை உள்ளயே தங்கி ஆளைச் சாய்ச்சிடும்."

ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் பிடித்துவர ஒரு கேன் கொடுத்தார்கள். "ஒரு சொட்டு கம்மியானாலும் கணக்கு தப்பாய்டும்" என்று நர்ஸ் மிரட்டி அனுப்பினார். நான் வேலைக்குப் போக, அம்மா காவல் இருந்தாள்.

மறுநாள் பஸ்ஸில் கேனை மடியில் வைத்துக்கொண்டு போனேன். "இன்னாம்மா, எண்ணெயா?" என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ரிசல்ட்டை வாங்க மூவரும் போனோம். டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். "கிட்னி பிரமாதம்னு வருது. ஆனா நாப்பத்திரண்டு கிலோ ஆளுக்கு இவ்ளோ கிரியாட்டினின் எப்படி வரும்? வேற யாராவது இதுல போனாங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்படி யாராவது செய்வாங்களா மேடம்?" என்றேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேன் பாதிகூட ரொம்பல. கம்மியாவக் கூடாதுன்னாங்களே... நான்தான் மூணு வாட்டி."

"உனக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" நான் போட்ட கூச்சலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். அப்பா நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுபடி கேன், மறுபடி லீவு, மறுபடி அதே பஸ். சலித்துப்போய்விட்டது. இந்த முறை அம்மாவைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டு நானே பிடித்தேன்.

ரிசல்ட்டுக்கு அம்மாவும் வந்தாள். அப்பாவின் கிட்னி மூன்றில் ஒரு பங்குகூட வேலை செய்யவில்லை. டாக்டரம்மா மாத்திரையைப் பாதிக்கும் கீழே குறைத்தார். "தூக்கம் தெளியும். வலி கொஞ்சம் திரும்பி வரும், தாங்கித்தான் ஆகணும்" என்றார். நான் சீட்டை மடித்துக்கொண்டு எழுந்தேன். அம்மா எழவில்லை.

"நான் ஊத்தினப்போ நல்லாக் காட்டுச்சில்ல மேடம்? அப்போ என்னுது நல்லாத்தான இருக்குது. ஒண்ண எடுத்து அவருக்கு வச்சுடுங்களேன்."

அம்மாவுக்கு எழுபத்துமூன்று வயது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திட்டாமல் அம்மா பக்கத்திலேயே மறுபடி உட்கார்ந்தேன்.