தன் தெருவுக்குத் தண்ணீர் வராது என்று எழுதியவள்

கோகிலவாணியிடம் கருத்துக் கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது. எங்கள் முதலாளி ஸ்ரீநிவாசராகவன் ஒருமுறை வாங்கினார். அவர் மகள் நித்யஸ்ரீயின் கச்சேரிக்கு ஆபீஸே போய் உட்கார்ந்திருந்தது. "எப்படி இருந்தது?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் "பிரமாதம் சார்" என்றோம். இவள் மட்டும், "ரெண்டாவது பாட்டுல சுருதி விலகிடுச்சு சார்" என்றாள். எனக்குக் காபி புரையேறிவிட்டது.

குடிநீர்த் திட்டங்களுக்குப் படமும் கணக்கும் போட்டுக் கொடுக்கிற சின்ன கம்பெனி எங்களுடையது, மேற்குத் தாம்பரத்தில். நான் படம் வரைகிறவன். கோகிலவாணி அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதிலேயே பம்பை ஓடவிட்டு, எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று பார்க்கிறவள். அதற்கு ஹைட்ராலிக் மாடல் என்று பெயர். தண்ணீர் எட்டும் தெரு நீலமாகத் தெரியும், எட்டாத தெரு சிவப்பாகத் தெரியும்.

திருநீர்மலைப் பக்கம் ஒரு திட்டம் வந்தது. பழைய பம்பு, புதுக் குழாய்கள். மாடலில் எல்லாத் தெருவும் நீலம். மேட்டில் இருக்கும் கடைசித் தெரு மட்டும் சிவப்பு. பம்பு தள்ளும் தண்ணீர் போதவில்லை. அறுபது வீடுகள், அதில் ஒன்று கோகிலவாணி வாழ்க்கைப்பட்ட வீடு. வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு எண்ணை லேசாகத் தட்டி ஏற்றியிருப்பார்கள். நானே சொன்னேன். முறைத்தாள். "இந்தத் தெருவைச் சேர்க்க இயலாது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள், மகராசி!

விஷயம் கசிந்து, அவள் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. மாமியார் அங்காளம்மாள் மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "திட்டினாக்கூட நிம்மதியா இருக்கும்" என்றாள் கோகிலவாணி என்னிடம். வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொடுத்துவிட்டால் அந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான் கதி.

புதன்கிழமை காலை, வேறெதையோ கேட்க, பம்பு ஆபரேட்டர் சிட்டிபாபுவுக்கு போன் போட்டாள். பேச்சுவாக்கில் அவர், "டேங்க் மூணு அவர்ல ரொம்பிடும் மேடம்" என்றார். இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாடலில் அதே டேங்க் நிரம்ப ஐந்து மணி நேரம் ஆகிறது. நிஜத்தில் வருகிற தண்ணீர் மாடலில் வரவில்லை என்றால் தப்பு மாடலில்தானே? குழாய்களின் அகலத்தைச் சரிபார்த்தாள், மேடுபள்ளத்தைச் சரிபார்த்தாள், எங்காவது வால்வு மூடியிருக்கிறதா என்று தேடினாள். என் படத்தையும் இரண்டு தரம் சந்தேகப்பட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மிச்சம் பம்பு ஒன்றுதான்.

அவள் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து நானும் பம்பு ஹவுஸுக்குப் போனேன். பம்பு ஓடும்போதே தண்ணீர் வெளியேறும் வால்வை ஒரு நிமிடம் மூடச் சொன்னாள். போக வழியில்லாதபோது பம்பின் முழு பலமும் பிரஷர் கேஜில் தெரிந்துவிடும். மாடலின் கணக்குப்படி முள் நாலரையைத் தொடக் கூடாது. அது ஐந்தில் போய் நின்றது.

"பம்பு நல்லாத்தான் கீது மேடம். நீங்கதான் கொறைச்சு எடை போட்டுட்டீங்க" என்றார் சிட்டிபாபு.

பம்பின் மேல் அடித்திருந்த தகட்டை அப்போதுதான் குனிந்து பார்த்தாள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அவர் வைத்த சந்தனமும் குங்குமமும் அடை அடையாய்க் காய்ந்து கிடந்தன. எத்தனை மீட்டர் உயரம் தள்ளும் என்ற இடத்தில் 33. முன்பு வந்தபோது இவள் குறித்துக்கொண்டு போன அதே 33.

"அண்ணா, இதைக் கொஞ்சம் துடைக்கலாமா?"

"அய்யய்யோ! பொட்டை அழிக்கிறதா? இன்னா மேடம், அம்மாம் படிச்சவங்க நீங்க!"

"அறுபது வீட்டுக்குத் தண்ணி வரணும் அண்ணா."

சிட்டிபாபு யோசித்தார். பம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஈரத் துண்டால் தானே துடைத்தார். இரண்டாவது எண்ணின் இடது பாதி குங்குமத்துக்கு அடியிலிருந்து வெளிவந்தது. அது மூன்றில்லை, எட்டு. 38! நான் விசிலடித்தேன். அவர் உடனே தகட்டின் ஓரமாகப் புதுப் பொட்டு வைத்தார்.

ஆனால் சொந்தத் தெருவுக்காக எண்ணை மாற்றிவிட்டாள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே! அந்தப் பயம் அவளுக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில், "நான்தான் தப்பாப் படிச்சிட்டேன் சார். நீங்களே போட்டுப் பாருங்க" என்று தகட்டின் போட்டோவையும் கேஜின் போட்டோவையும் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். முதலாளி 38 என்று தட்டினார். கடைசித் தெரு நீலமானது. "பழைய தாளைக் கிழிச்சுப் போடும்மா, புதுசுல கையெழுத்துப் போடு" என்றார்.

வெளியே வந்ததும் மாமியாருக்கு போன் செய்தாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அத்தை, நான் எழுதினது தப்பு. நம்ம தெருவுக்குத் தண்ணி வரும்."

"வரும்னு நீயே எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"இதைப் போன வாரமே எழுதியிருந்தா, மருமக பண்ண வேலைன்னு ஊரே சிரிச்சிருக்கும். வராதுன்னு எழுதினவளே வரும்னு எழுதறா. இப்ப எவளாவது வாயைத் திறக்கட்டும், பாக்கலாம்!"

கோகிலவாணி அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். போனை வைக்க மறந்த அங்காளம்மாள் வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்குக் கத்துவது எங்களுக்குக் கேட்டது: "அடியே செல்லியம்மா! தண்ணி வருதுடி! எம் மருமக சொல்லிட்டா!"