தம்புசாமியின் இடத்தில் ஏறிய பிரிட்ஜ்

கிள்ளான் பாசாருக்குப் பின்னால் ஐஸ் டிப்போ வைத்திருந்த தம்புசாமி, ஒன்பது வருடமாக முடி வெட்டிக்கொள்ளக் காப்பார் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய்வந்தார். டிப்போவுக்கு எதிரிலேயே ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. 1979 தைப்பூசத்துக்கு முதல் நாள் அந்தக் கடைக்காரர் இவருடைய கிருதாக்களில் ஒன்றை மற்றதைவிட அரை அங்குலம் மேலே ஏற்றிவிட்டார். தம்புசாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்தார், துண்டை உதறினார், வந்துவிட்டார். அதன் பிறகு அந்தக் கடையில் விளக்கு எரிகிறதா என்றுகூட அவர் திரும்பிப் பார்த்தது கிடையாது. எதற்காக என்று கடைக்காரருக்கு இன்றுவரை தெரியாது என்பதுதான் இதில் தம்புசாமிக்கு ஒரே குறை.

காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பதினாறு வயதில் ஐஸ் பேக்டரியில் மூட்டை சுமக்க வந்து, நாற்பது வயதில் சொந்த டிப்போ போட்ட மனிதர். ஐஸ் கட்டியை மரத்தூள் போட்டு, கோணிச் சாக்கால் மூடிவைத்தால் இரண்டு நாள் கரையாது. கோபத்தையும் அவர் அப்படித்தான் மூடிவைப்பார். வெளியில் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மனைவி மாரியாயிக்கு மட்டும், அவர் சாப்பாட்டில் உப்பு கேட்காமல் சாப்பிடும் நாட்களில் தெரிந்துவிடும்.

இந்த மனிதருக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது. வருடத்தில் மூன்று நான்கு முறை, நீண்ட விடுமுறை வரும்போதெல்லாம், நண்பர்களோடு கடலுக்குப் போவார். லோரி ஓட்டும் ரெங்கசாமியிடம் ஒரு மரப் படகு இருந்தது; பழைய லோரி இன்ஜினை அவரே அதில் பொருத்தியிருந்தார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கந்தையா வருவார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர், சாந்தமானவர், தூண்டிலைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். நான்காவதாக விஜயன், ஷா ஆலாம் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், முப்பத்து நாலு வயது, எதையும் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டுகிறவன். கடலுக்குள் மரக்கால்களை நட்டு மேலே பலகை அடித்த மேடையைக் கேலோங் என்பார்கள். சீனக் கிழவர் ஒருவருடைய கேலோங்கில் நான்கு நாள் தங்கி, பிடித்ததைத் தம்புசாமியின் மரப்பெட்டியில், தம்புசாமியின் ஐஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பதினாலு வருடமாக ஐஸ் இவருடையது. அதனால் மீனும் தன்னுடையது என்றே அவருக்கு ஒரு நினைப்பு.

1988 ஹரி ராயா பெருநாளுக்கு மூன்று நாள் முன்னால் விஜயன் ஒரு பெட்டியைக் காரில் வைத்து டிப்போவுக்குக் கொண்டுவந்தான். அவனுடைய மச்சான் பெர்த் நகரத்திலிருந்து கொண்டுவந்தது. கையில் தூக்கிப் போகிற பிரிட்ஜ், பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும், உள்ளே வைத்த மீன் கல்லாகிவிடும். பயணத்தைப் பற்றிப் பேச வந்திருந்த ரெங்கசாமியும் கந்தையாவும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ரெண்டு லோரி பேட்டரி போதும், நாலாம் நாள் காலை வரைக்கும் தாங்கும் என்று விஜயன் பேப்பரில் காட்டினான். அப்புறம்தான் படகின் பாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

ஐஸ் நிறுக்கும் தராசு பக்கத்திலேயே இருந்தது. பிரிட்ஜையும் பேட்டரி இரண்டையும் ஏற்றினார்கள். எழுபத்து நாலு கிலோ.

"அண்ணே, நீங்களும் சும்மா ஏறி நில்லுங்களேன்" என்றான் விஜயன்.

தம்புசாமி விளையாட்டு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். எழுபத்தைந்து.

"பாத்தீங்களா, ஏறக்குறைய ஒண்ணுதான். படகுல நாலு ஆள் கனத்துக்கு மேல ஆகாது. இந்தத் தடவ அண்ணன் வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும் லா. ஐஸ் தூக்கித் தூக்கி இடுப்பு போயிருக்கும்."

ரெங்கசாமி காரின் டயரைப் பார்த்தார். கந்தையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்புசாமி தராசிலிருந்து இறங்கி, சரி, போய்ட்டு வாங்க என்றார்.

அன்று மாரியாயி மீன் குழம்பில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. படுத்த பிறகுதான் அவருக்குக் கணக்கு விளங்கியது. ஐஸோடு சேர்த்து அவருடைய மரப்பெட்டி தொண்ணூறு கிலோ. அது இந்த முறை வரப்போவதில்லை. அதற்குப் பதிலாக ஏறுவது எழுபத்து நாலு. ஆக, அவரையும் ஏற்றிக்கொண்டாலும் படகில் முன்பைவிடப் பதினாறு கிலோ மிச்சம். பேப்பரில் போட்டுக் காட்டுகிறவனுக்கு இது தெரியாதா? முப்பது வருடம் ரயில்வேயில் சரக்கு எடை எழுதிய கந்தையாவுக்குத் தெரியாதா? பாரம் ஏற்றியே வயிறு வளர்க்கும் ரெங்கசாமிக்கு?

விடிந்ததும் அவரே விஜயனுக்குப் போன் போட்டு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றித் தருவதாகச் சொன்னார். அண்ணன் மனசு யாருக்கு வரும் என்று விஜயன் நெகிழ்ந்துபோனான்.

பேட்டரி கடை ஜெயராஜ் தொழில் தெரிந்தவன். கணக்கைக் கேட்டதும் சிரித்தான். இந்த வெக்கையில் அந்த மோட்டார் ஓய்ந்து உட்காரவே உட்காராது, பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சவும் கூடாது, ஒன்றரை நாள் தாங்கினால் பெரிது என்றான்.

"படகு இன்ஜின தெனம் ரெண்டு மணி நேரம் ஓடவிட்டு, இதுக்கு சார்ஜ் ஏத்திக்கணும். ஒயர் நான் போட்டுத் தரேன். மறக்காம சொல்லிடுங்கண்ணே."

தம்புசாமி ஒயரையும் வாங்கிக்கொண்டார், சேதியையும் வாங்கிக்கொண்டார். ஒயர் டிப்போவில் ஆணியில் தொங்கியது. சேதி அவருடைய வயிற்றில் பத்திரமாக இருந்தது.

பேட்டரிகளைக் கொடுக்கும்போது, பொய் ஒன்றும் சொல்லக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். சில யோசனைகள் மட்டும் சொன்னார். மீன் கெட்டியாக இருக்கணும்னா குளிரைக் கடைசி நம்பரில் வைக்கணும். பீர் டின்களைச் சூடாகவே மொத்தமாக அடுக்கிவிட்டால் சாயங்காலத்துக்குள் ஜில்லென்று ஆகிவிடும். காற்றோட்டம் முக்கியம், அதனால் கூரைக்குக் கீழே வைக்காமல் வெளியே திறந்த பலகையில் வை. ஒவ்வொன்றுக்கும் விஜயன் தலையை ஆட்டினான். வெயில் என்ற ஒன்றை இருவருமே பேச்சில் கொண்டுவரவில்லை.

அவர்கள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். மறுநாள் மதியம் பேட்டரி சாகும் என்பது தம்புசாமியின் கணக்கு. அந்த நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும். பழிவாங்குகிறவன் பக்கத்தில் இல்லாவிட்டால் அது வெறும் விபத்துதானே? விஜயன் தன் வாயால் "அண்ணே, ஐஸ் குடுங்க" என்று கேட்க வேண்டும். கேட்கும்போது குரல் கம்ம வேண்டும். தலை குனிய வேண்டும். அப்புறம் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. கேட்க வைப்பதுதான் முதல் வேலை.

தெரிந்த சீன மீனவர் ஒருவரின் சம்பான் படகை அமர்த்தி, மரப்பெட்டி நிறைய ஐஸோடு மறுநாள் ஒரு மணிக்குக் கேலோங்கில் ஏறினார்.

பிரிட்ஜ் செத்துத்தான் கிடந்தது. வெயிலில் அதன் மூடி கை வைக்க முடியாமல் கொதித்தது. சற்றுத் தள்ளிக் கூரை நிழலில் கால் நீட்டி விஜயன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்தவன், அண்ணே வாங்க என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். பிரிட்ஜ் எப்படி என்று தம்புசாமி மெல்ல விசாரித்தார்.

"சூப்பர்ணே. காலையிலேர்ந்து சத்தமே காணோம். நல்லா குளுந்துட்டா தானா நின்னுக்கும் போல."

உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று கேட்டார். ஒன்றுமில்லை. பீர் நேற்றே தீர்ந்துவிட்டது. மீன்? ரெண்டு நாளாக ஒரு மீன் மாட்டவில்லை.

ரெங்கசாமி வந்து தோளில் கை போட்டார். "நீ இல்லாம ஒரு குஞ்சு கூட கிட்ட வரல தம்பு. நேத்து பூரா உன் பேச்சுதான்."

கந்தையா பாயை விரித்து, வந்திட்டியோ, இரு இரு என்று இடம் ஒதுக்கினார். யாரும் ஐஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐஸ்காரருக்கு இதைவிட வேறு அவமானம் கிடையாது. பெட்டிக்கு அடியில் பலகை இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக அவருடைய பழி கடலில் விழுந்துகொண்டிருந்தது.

அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தால் கதை அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். தம்புசாமி தூண்டிலை எடுத்தார். மீன் இல்லாவிட்டால் ஐஸ் தேவையில்லை. ஐஸ் தேவையில்லாவிட்டால் விஜயன் கேட்கப்போவதில்லை. ஆகவே எதிரிக்கு மீன் பிடித்துக் கொடுக்க வேண்டிய நிலைக்கு அவர் வந்துவிட்டார். தண்ணீர் திரும்பும் நேரத்துக்காகக் காத்திருந்தார். மேற்குப் பக்கத்துக் கால்களை ஒட்டி, தவிட்டு உருண்டையைத் துணியில் முடிந்து இறக்கினார். உயிர் இறாலைக் கோத்துப் போட்டார். மூன்றரை மணிக்கு முதல் சியாக்காப் மீன் ஏறியது. அப்புறம் செனாங்கின் வரிசையாக வந்தது. இந்தா இங்கே போடு, இப்படி இழு என்று மற்றவர்களையும் விரட்டினார். பதினாலு வருடத்தில் அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக யாருக்கும் உதவியதில்லை. ஐந்து மணிக்கு விஜயனுடைய தூண்டில் வில்லாக வளைந்தது. எட்டுக் கிலோ இருக்கும், ஒரு கெராப்பு. அவன் வாழ்நாளில் பிடித்த முதல் பெரிய மீன். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிறகு எழுந்து போய்ப் பிரிட்ஜைத் திறந்தான். உள்ளிருந்து அடித்த அனல் முகத்தில் பட்டது. பொத்தானைத் தட்டினான், ஒயரை ஆட்டினான். தம்புசாமி மரப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"செத்துப்போச்சு போலருக்கு" என்றான் விஜயன். "நல்லவேள நீங்க வந்தீங்க. அண்ணே, கொஞ்சம் ஐஸ் குடுங்க."

அவ்வளவுதான். குரல் கம்மவில்லை, தலை குனியவில்லை. தீப்பெட்டி கேட்கிற மாதிரி கேட்டுவிட்டான். இரண்டு நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனம் இப்படி ஒரு கனமும் இல்லாமல் வந்து விழும் என்று தம்புசாமி எதிர்பார்க்கவில்லை. தனக்கும் அவருக்கும் சண்டை என்றே அந்தப் பயலுக்குத் தெரியவில்லை.

"இது என் மீனுக்கு" என்றார்.

ரெங்கசாமி சிரித்தார். "வெளயாடாத தம்பு. உன் மீனப் போட்டாலும் பாதிப் பெட்டி காலியாத்தான் இருக்கும்."

"காலியாவே போகட்டும்."

சிரிப்பு நின்றது. தம்புசாமி கணக்கைச் சொன்னார். தொண்ணூறு போய் எழுபத்து நாலு வந்தால் மிச்சம் எவ்வளவு என்று மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார். விஜயன் முழித்தான், அவனுக்கு அது நிஜமாகவே தோன்றவில்லை. ரெங்கசாமி கடலைப் பார்த்தார். கந்தையா இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"தெரியும் தம்பு. எனக்கு அண்டைக்கே தெரியும். ஒருக்கா நீ இல்லாமல் போய்ப் பாப்பம் எண்டு நினைச்சனான். நீ வந்தால் நாலு நாளும் ஆரோடயாவது கோவம். போன முறை என்னோட. என்னத்துக்கெண்டு எனக்கு இன்னும் தெரியாது."

ரெங்கசாமி மெதுவாகச் சொன்னார்: "ஆனா நீ இல்லாம நல்லா இல்ல தம்பு. அதையும் பாத்துட்டோம்."

இதைக் கேட்டதும் எந்த மனிதனும் பெட்டியை விட்டு இறங்கியிருப்பான். தம்புசாமியும் இறங்கினார். தான் பிடித்த மீனைப் பொறுக்கி எடுத்து, ஐஸில் வரிசையாக அடுக்கி, சாக்கைப் போட்டு மூடினார். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும் என்று சம்பான்காரர் கூப்பிட்டார். பாதி காலியாக இருந்த பெட்டியைத் தூக்கிக்கொடுக்க ரெங்கசாமிதான் ஒரு பக்கம் பிடித்தார். மேடையில் கெராப்பு கிடந்தது. அதன் மேல் விஜயன் ஈரத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டிருந்தான்.

கொஞ்சத்தைப் பொரித்துத் தின்றார்களாம். கொஞ்சத்துக்குச் சீனக் கிழவர் உப்பு கொடுத்தாராம். கெராப்பு மறுநாள் மத்தியானமே நாறிவிட்டது. விஜயன் தன் கையாலேயே கடலில் போட்டான் என்று பாசாரில் பேசிக்கொண்டார்கள். தம்புசாமி அதை இரண்டு பேரிடம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அன்று சாப்பாட்டில் உப்பு கேட்டார்.

ஆனால் விஜயன் கணக்குப் போடுகிறவன் அல்லவா? எங்கே தப்பு என்று கேட்க நேரே ஜெயராஜிடம் போனான். நான்தான் தம்புசாமி அண்ணன்கிட்ட எல்லாம் சொல்லி அனுப்பினேனே, ஒயர்கூடக் கொடுத்தேனே என்றான் ஜெயராஜ். விஜயன் அந்தப் பிரிட்ஜை யாருக்கோ தள்ளிவிட்டான்.

அடுத்த விடுமுறைக்கு முதல் நாள் ரெங்கசாமி கோணிச் சாக்கோடு டிப்போவுக்கு வந்தார். எப்போதும் நேரே உள்ளே வருகிறவர், இந்த முறை மீன்காரம்மாக்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும் இரண்டு கட்டி என்றார். தம்புசாமி அறுத்துக் கொடுத்தார். ரெங்கசாமி சாக்கில் போட்டுக் கட்டினார். கட்டிய பிறகும் போகவில்லை. ஐஸ் வாங்க வந்தவர் நிற்கும் நேரத்தைவிட ரொம்ப நேரம் நின்றார்.

"ஜெயராஜ் சொன்னதச் சொல்ல மறந்துட்ட. அப்படித்தான தம்பு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். படகில் இப்போது பிரிட்ஜும் கிடையாது, தாராளமாக இடம் இருந்தது. ரெங்கசாமி அந்த வார்த்தையைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டு நின்றார். ஆனால் மறதி என்று ஒத்துக்கொள்வதா? முடிதிருத்தும் கடைக்காரரை ஒன்பது வருடம் மறக்காத மனிதரா?

"ஞாபகம் இருந்துச்சு" என்றார் தம்புசாமி. "வேணும்னுதான் சொல்லல."

ரெங்கசாமி தலையை ஆட்டினார். சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு லோரிக்குப் போனார். சாக்கிலிருந்து வழிந்த தண்ணீர் டிப்போ வாசலிலிருந்து சாலை வரை கோடு போட்டது. தம்புசாமி அது காயும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.

அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. பிரிட்ஜுக்கும் ஐஸுக்கும் நடந்த போட்டியில் ஜெயித்தது யார் என்று கிள்ளான் பாசார் பக்கம் போனால் கேட்டுப் பாருங்கள். வேறு யாரையும் தேட வேண்டாம், அவரே சொல்வார்.