மாடல் வீட்டு மொட்டை மாடி

வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சை அந்த வீட்டு மொட்டை மாடியில் இலவசமாக அடித்துக் கொடுத்தது ஏதோ ஒரு வெளிநாட்டுத் திட்டம். சூடு குறையும் என்றார்கள், குறைந்தது நிஜம்தான். கீழே ஒற்றை அறையில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, அந்தக் கோடையில் சட்டைத் துணியில் வியர்வை சொட்டவில்லை.

கெட்டுப்போனது அவள் வீட்டுக்காரர்தான்.

அவர் பெயிண்டர். திட்டத்தார் அந்த வீட்டை 'மாதிரி வீடு' ஆக்கி, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல அவரை நிறுத்திவைத்தார்கள். அன்றிலிருந்து பிரஷ் பிடித்த கை மைக்கைப் பிடித்துக்கொண்டது. 'தாங்குதிறன்' என்றொரு வார்த்தையை எங்கிருந்தோ கற்றுவந்து, சோற்றுக்குக்கூடத் தொட்டுக்கொண்டார். தெரு அவரை 'மாடல்' என்று கிண்டலடித்தது. அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

ஒரு தடவை விமானம் ஏறி மாநாட்டுக்கும் போய்வந்தார்.

"ஹால்ல என்னா குளிரு தெரியுமா! ஸ்வெட்டர் குடுத்தாங்க."

"வெயிலப் பத்திப் பேச ஸ்வெட்டரா?" என்றாள். அவர் காதில் விழாதவர்போல அதை மடித்துக்கொண்டிருந்தார்.

மேலே பூச்சில் பாசி படர்ந்து, புழுதி அப்பி, தோல் உரிந்துபோயிற்று. அறை மறுபடி அடுப்பானது. மிச்சப் பூச்சு டப்பாக்கள் கட்டிலுக்கடியில் மூடிகூடத் திறக்காமல் கிடந்தன. அடிங்க, அடிங்க என்று சொல்லி அவள் வாய்தான் வலித்தது.

"பராமரிப்பு திட்டத்தோட வேலை. நான் பேச்சாளர்" என்பார்.

"பேச்சாளராம்! பிரஷ்ஷத் தொட்டா கை பொசுங்கிருமோ?" என்றாள் பக்கத்து வீட்டு நாத்தனார். அவருடைய சொந்த அக்காதான்.

ஒரு நாள் காலையில் அவரே டப்பாவோடு ஏணியேறியதைப் பார்த்து அவளுக்கு மனசு குளிர்ந்தது. கொஞ்ச நேரத்துக்குத்தான்.

"இன்னைக்கு டீம் வருது" என்று மேலிருந்து குரல் கொடுத்தார். "ஏணிப் பக்கத்து மூலைய மட்டும் அடிச்சாப் போதும். கேமரா அதத்தான் பாக்கும்."

அவள் மெஷினை நிறுத்தினாள். வெளியே வந்து ஏணியை எடுத்துச் சுவரோரம் படுக்கவைத்தாள்.

"ஏய்! நான் எப்படி எறங்குறது?"

"முழுசா அடிச்சுட்டுக் கூப்பிடுங்க."

தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். ஏசி போய்விடக்கூடாதென்று அவர்கள் கார் தெருமுனையில் உறுமிக்கொண்டே நின்றது. மாடி விளிம்பில், முழங்கால்வரை வெள்ளையாக நின்று அவர் தாங்குதிறன் பற்றிப் பேசினார். கீழே கைதட்டினார்கள். "மக்களே முன்வந்து செய்யுறாங்க, பாருங்க" என்று ஒருவர் உருகிப்போனார். ஏணி ஏன் தரையில் கிடக்கிறது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கார் போனதும் அவர் கெஞ்சினார், திட்டினார், கடைசியில் பிரஷ்ஷை எடுத்தார். அவள் கயிற்றில் தண்ணீர்ச் செம்பைக் கட்டி மேலே அனுப்பினாள். சாயங்காலம் ஏணி வைத்துத் தானே ஏறிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அடிக்காமல் விட்டிருந்தார். அதையும் அடிக்கவைத்துத்தான் இறங்கவிட்டாள்.

மறுவாரம் நாத்தனார் தன் மாடிக்கும் பூச்சடிக்க அவரைக் கூப்பிட்டாள். தெருவில் இன்னும் சிலரும் கேட்டார்கள். முனகிக்கொண்டே போனார், கூலியும் வாங்கினார். கூட்டங்களை மட்டும் விடவில்லை. அங்கே, கொளுத்தும் வெயிலில் மாடி முழுவதும் தன்னந்தனியாக, தானாகவே அடித்ததாகச் சொல்லிக்கொள்கிறார் என்று அவள் காதுக்கு வந்தது.

"சொல்லட்டும், சொல்லட்டும்" என்று சொல்லி அடுத்த சட்டைக்குக் காலர் வைத்தாள்.