மெதுவாக அடிக்காத ரோஸ்லின் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கேசட் கடையின் ஷட்டரை முழுதாக ஏற்றுவதற்குள் போன் அடித்தது. ராஜபாளையத்திலிருந்து ரோஸ்லின் அக்காவின் அண்ணன், அருள்தாஸ் அண்ணன். "தம்பி, ரோஸ்லின் போயிட்டா. விடியக்காலம்" என்றார். அழுதார். பிறகு, "சாயங்காலம் ஜெபம் முடிஞ்சு எடுக்கோம். வாங்க. ஆனா பாட்டுக் கோஷ்டியா வந்துற வேண்டாம், என்ன? சாவு வீடு பாருங்க" என்றார். ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன்.

துக்க வீட்டுப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். "பாவம், மெட்ராஸ் வரைக்கும் போயி ஒண்ணும் ஆகாமத் திரும்பி வந்த பிள்ள. கல்யாணம் காச்சியும் இல்ல." அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பேச்சை உங்களில் யாராவது கேட்டுத் தலையாட்டியிருந்தால், தயவுசெய்து ஆட்டிய தலையைத் திருப்பி ஆட்டிவிடுங்கள். ரோஸ்லின் அக்கா பாவம் இல்லை. அவரிடம் வாய்கொடுத்தவர்கள் வேண்டுமானால் பாவம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு நூற்பாலையில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தார். அவர் குடும்பம் போகும் கிறிஸ்தவ சபையில் பாட்டுக்குழுவுக்கென்று ஒரு பழைய டிரம்ஸ் செட் இருந்தது. அதை வாசித்துக்கொண்டிருந்த பையன் படிக்க வெளியூர் போனதும், அது மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. யாரையும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். முறையாக யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டில் சத்தம் போட்டால் அப்பா பெல்ட்டை உருவுவார் என்பதால், மாமா ஒருவரின் பஞ்சுக் கிட்டங்கியில் போய்ப் பொதிகளின்மேல் குச்சியால் அடித்துப் பழகினார். பஞ்சுப் பொதியில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் வராது. சத்தம் வரட்டும் என்று இன்னும் ஓங்கி அடித்து அடித்து, அவர் கை அப்படியே அமைந்துபோனது. நிஜ டிரம்ஸில் அந்தக் கையைக் கொண்டுபோய் வைத்தபோது சபை அதிர்ந்தது.

போதகர் நல்ல மனிதர். ஆராதனை முடிந்ததும் கூப்பிட்டு, "ரோஸ்லின், ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்மா. மெதுவா அடிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். "ஆண்டவருக்குக் கேக்கும் ஐயா, கடைசி பெஞ்சுல தூங்குதவங்களுக்குக் கேக்கணும்ல?" என்றாராம் அக்கா. போதகரே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்காவின் வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சொன்னது 'மெதுவா', அவர் சொன்னது 'மாட்டேன்'. இடையில் நடந்ததுதான் அவருடைய தொழில்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 'இடி' என்ற குழுவைத் தொடங்கினோம். அக்கா டிரம்ஸ், நான் பாஸ் கிட்டார், ராமராஜு கிட்டார், பீட்டர் பாட்டு. ராமராஜு வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவன் மச்சான் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ராக் கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டுத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். மற்ற குழுக்களெல்லாம் சினிமாப் பாட்டை மட்டும் வாசித்தன. இரண்டு சினிமாப் பாட்டு வாசித்தால் மூன்றாவது நம்முடைய சொந்தப் பாட்டு என்று அக்கா சட்டம் போட்டார். சொந்தப் பாட்டு வரும்போது கூட்டம் முறுக்கு வாங்கப் போகும். "போகட்டும்லே. திரும்பி வரதுக்குள்ள முடிச்சிரக் கூடாது, இழு" என்பார். ஒத்திகையில் ராமராஜு கை ஓய்ந்துபோய் "சாலு அக்கா, சாலு, போதும்" என்று கெஞ்சினாலும் நிறுத்தமாட்டார்.

ஒரு கல்லூரி விழாவில் அவர் வாசித்ததைக் கேட்டு, சினிமாப் பாடல் பதிவுகளுக்கு வாத்தியக்காரர்களை ஏற்பாடு செய்கிற ஒருவர் மெட்ராஸுக்கு அழைத்தார். மில் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். முதல் நாள் ஸ்டுடியோவில் செட்டைச் சரிசெய்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து ஒலிப்பதிவாளர், "டிரம்மர் இன்னும் வரலையாம்மா?" என்று கேட்டாராம். "வந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு. நீங்கதான் இன்னும் மைக் வைக்கல" என்று இவர் சொன்னாராம். அன்று மட்டும் இரண்டு பாட்டு ஒரே டேக்கில் முடிந்தது. அதற்குப் பிறகு அவரைத் தொடர்ந்து கூப்பிட்டார்கள். நீங்கள் அந்த வருஷங்களில் டீக்கடையிலும் பஸ்ஸிலும் கேட்ட பாட்டுகளில் பல அவர் கை பட்டவை. உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் கேசட் அட்டையில் அவர் பெயர் கிடையாது.

அதில் ஒரு பாட்டு பெரிய வெற்றி. படத்தில் கதாநாயகன் மேடையில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடுவதாகக் காட்சி. அக்கா ஊருக்கு வந்திருந்தபோது நாங்கள் நால்வரும் ராஜபாளையத்தில் அந்தப் படத்துக்குப் போனோம். பாட்டு வந்ததும் தியேட்டரே எழுந்து ஆடியது, காகிதத் துண்டுகள் பறந்தன. அக்கா முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "ஏலே, சிம்பல் சத்தம் கேக்குது, அந்தாளு கை எங்க நிக்குதுன்னு பாரு" என்றார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. சட்டென்று நாற்காலிமேல் ஏறி நின்று, "அடிச்சது நான்லே!" என்று கத்தினார். பின்னாலிருந்து ஒருத்தன், "யக்கா, உக்காருங்க, தலைவரு மறையுதாரு" என்றான். "மறையட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாட்டு முடியும்வரை நின்றார். அவருடைய புடவை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது நான்தான். பயத்தில் எனக்கு வேர்த்துவிட்டது.

அந்தப் பயணம் முடிந்து மெட்ராஸ் போனவர், அட்டையில் வாசித்தவர்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கேசட் போடுகிறவர், "எல்லார் பேரையும் போட்டா பாட்டுப் பேருக்கு எடம் இருக்காதும்மா" என்று சிரித்தாராம். சில மாதம் கழித்து அக்கா மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பந்தலில் பேசியவர்கள் சொல்கிற 'ஒண்ணும் ஆகாமத் திரும்பி வந்தவ' கதை இதுதான். ஆனால் அவர் வந்து சேர்ந்த வாரம்கூடப் பதிவுக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "அங்க என் கைய மட்டும் கூப்பிடுதாங்க, வரதா. முழுசா நான் போகணும்னா இங்கதான் போகணும்" என்றார். அவர் தோற்றுப்போய் வரவில்லை. முழு ஆளாக உட்கார்ந்து வாசிக்க வந்தார்.

அப்படி உட்கார விட்டார்களா என்றால், அதற்கும் சண்டைதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருக்காரர்கள் நடத்திய ஒரு பொங்கல் விழாவில் எங்கள் கச்சேரி. விழாக் குழுவுக்குத் தலைவர் என் பெரியப்பா. கோயிலுக்குப் பூமாலை கட்டித்தரும் குடும்பம் எங்களுடையது, தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. மேடையில் டிரம்ஸைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது வந்து என்னைத் தனியே அழைத்தார். "வரதா, ஒரு பொம்பளப் பிள்ள கால அகட்டி உக்காந்து அடிக்கது தெருவுக்கு நல்லாவா இருக்கு? மில் முதலாளியெல்லாம் முன் வரிசைல இருக்காக. அந்தப் பிள்ள அடிக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. முன்னால ஒரு திரையத் தொங்கவிட்டுக்கிடுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே வந்துவிட்டார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"சரி பெரியப்பா. திரை போடுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தியேட்டரில் நாற்காலிமேல் ஏறி நின்றவரா இவர் என்று பார்த்தேன். பந்தல்காரர் ஒரு பச்சைத் துணியைக் கொண்டுவந்து டிரம்ஸுக்கு முன்னால் கட்டப் போனார். "அண்ணே, அங்க இல்ல. இன்னும் முன்னால. மேடை ஓரத்துல, இந்தக் கம்பத்துலருந்து அந்தக் கம்பம் வரைக்கும்" என்றார் அக்கா. பிறகு எங்களைப் பார்த்தார். "எனக்கு ஒரு திரைன்னா குழுவுக்கே ஒரு திரை. ஏலே, இஷ்டம் இல்லாதவன் வெளியில போயி நின்னுக்கிடலாம்." ராமராஜு சிரித்துக்கொண்டே தன் ஆம்ப்ளிஃபையரை உள்ளே இழுத்தான். பாடகனை யாரும் பார்க்காவிட்டால் எப்படி என்று பீட்டர் மட்டும் முனகினான். அக்கா ஒரு பார்வை பார்த்ததும் மைக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திரை என்றால் ஒரு பழக்கம் உண்டு. சந்நிதியில் திரை போட்டிருந்தால் உள்ளே அலங்காரம் நடக்கிறது, சற்று நேரத்தில் விலகும், பொறுமையாக நிற்கவேண்டும். அன்றும் அப்படித்தான் நினைத்துவிட்டார்கள். முதல் பாட்டு முழுவதும் அத்தனை கூட்டமும் பச்சைத் துணியைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டும் முடிந்தது, துணி அசையவில்லை. "ஏம்ப்பா, எப்பத்தான் தொறப்பீக?" என்று ஒரு பெண் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. அப்புறம் விசில், அப்புறம் கூச்சல். மில் முதலாளி பெரியப்பாவிடம், துணியைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டார்.

பெரியப்பா திரைக்குள் தலையை நீட்டி, "ஏம்மா, மத்தவங்களாவது வெளியில வரக்கூடாதா?" என்றார். அக்கா குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, "அவிய வெளிய வந்தா நானும் வருவேன். நான் உள்ள இருந்தா அவியளும் உள்ளதான். நீங்க சொல்லுங்க பெரியப்பா" என்றார். குரலில் ஒரு மரியாதைக் குறைவு கிடையாது. பெரியப்பா தலையை வெளியே எடுத்தார். பிறகு ஆள் யாரையும் கூப்பிடாமல் தானே போய்க் கம்பத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தார். கூட்டம் எழுப்பிய சத்தத்தில் அக்கா அடித்த முதல் அடி எனக்கே கேட்கவில்லை. அன்றைக்கு மூன்றாவது பாட்டாக எங்கள் சொந்தப் பாட்டு. ஒருவர்கூட முறுக்கு வாங்கப் போகவில்லை.

அடுத்த வருஷம் அந்தத் தெருவில் எங்களைக் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் வெற்றி என்று எழுதினால் அக்காவே ஒத்துக்கொள்ளமாட்டார். செட்டியார்பட்டியில் கூப்பிட்டார்கள், மில் தொழிலாளர் விழாக்களில் கூப்பிட்டார்கள், கிறிஸ்துமஸுக்குச் சபை கூப்பிட்டது. நோய் வந்து, மதுரையில் வைத்தியம் நடந்து, தலைமுடி கொட்டிய பிறகும் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வந்து வாசித்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் இரக்கப்பட்டு அழுததற்கு, "நான் இன்னும் சாகல, கண்ணீர எடுத்து வைங்க" என்று அதட்டியிருக்கிறார். நான் பார்க்கப் போனபோது அந்தப் பெண்மணி என்னிடமே புகார் சொன்னார்.

அடக்கம் முடிந்த மறுநாள் ராஜபாளையம் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. இன்னாரின் மகள், இன்னாரின் தங்கை, இன்னார் இன்னாரின் அத்தை. டிரம்ஸ் என்ற சொல்லே இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அருள்தாஸ் அண்ணனிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு தம்பி? பொம்பளப் பிள்ள. நாலு பேரு பாப்பாங்கள்ல" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தங்கையை இழந்தவர், ஊருக்குப் பயந்தவர். ஆனால் நாலு பேர் பார்ப்பதற்காகத்தானே அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார்?

நான், ராமராஜு, பீட்டர் மூவரும் அச்சகத்துக்குப் போனோம். மேடையில் எடுத்த படம் ஒன்றைக் கொடுத்தோம். வாய் திறந்திருக்கும், முடி வேர்வையில் முகத்தோடு ஒட்டியிருக்கும், கை தலைக்கு மேல் ஓங்கியிருக்கும். அச்சகத்துக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாவுப் போஸ்டருக்கு இதா? சாந்தமா ஒண்ணு இல்லையா?" என்றார். "அவிய சாந்தமா இருந்ததே இல்ல அண்ணே. இதையே போடுங்க" என்றான் ராமராஜு. கீழே 'டிரம்மர் ரோஸ்லின்' என்று மட்டும் போடச் சொன்னோம். எங்கள் பெயர்களைக்கூடப் போடவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்வரை ஒட்டினோம். இன்னும் கிழியாமல் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அவருடைய டிரம்ஸ் சபைக்குப் போய்விட்டது. குச்சிகளைச் சவப்பெட்டியில் அவரோடு வைத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். எனக்கு வலது காது பாதிதான் கேட்கும். மேடையில் எப்போதும் அக்காவுக்கு இடது பக்கம், சிம்பலை ஒட்டி நிற்பேன், அதனால் வந்தது. சென்ற வருஷம் காதைச் சோதித்த டாக்டர், "இவ்வளவு சத்தத்துக்குப் பக்கத்துல இத்தனை வருஷமா ஏன் நின்னீங்க? கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாமே" என்றார். ஊரே அவரிடமிருந்து தள்ளி நின்றது டாக்டர், நான் பக்கத்தில் நின்றேன் என்று சொன்னேன்.