பெட்டிகள் எழுத்தான நாள்

தர்ஷினி செத்துப்போனாள் என்று திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. கடும் காய்ச்சலோடு கரடியனாற்றிலிருந்து அவளை ஏற்றிவந்த வாகனத்தைச் சோதனைச் சாவடியில் மறித்து, எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது நேரம் கடந்துவிட்டது. அஞ்சலிக் குறிப்பில் இதை விதி என்று யாரும் எழுத வேண்டாம். அவளை அமைதியானவள் என்றும் எழுத வேண்டாம். கூட வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அவள் ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை.

ஜப்பானிய நெல் இயந்திரமொன்றின் மென்பொருளுக்குக் கையேடு தயாரிக்கும் வேலையைக் கொழும்பு நிறுவனம் எங்களிடம் தந்திருந்தது. நாங்கள் அனுப்பிய முதல் கோப்பில், ஜப்பான் எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் வெறும் பெட்டிகள் தெரிந்தனவாம். எங்கள் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. மட்டக்களப்பில் இதெல்லாம் சரிவராது என்றார் கொழும்பு முகாமையாளர். இன்னொரு முறை பிழைத்தால் வேலை போய்விடும், அலுவலகத்தையும் மூடவேண்டியதுதான்.

ஜப்பான் எழுத்துருவை அவர்களே தங்கள் கணினியில் போட்டுக்கொள்ளட்டும் என்று நான் கத்தினேன். ஷெல்லடிக்குள் இடம்பெயர்ந்து வந்தவள் தர்ஷினி. அவள் சிரித்தாள்.

“போற இடத்தில எல்லாம் இருக்கும் எண்டுதான் நாங்களும் வெறுங்கையோட வெளிக்கிட்டனாங்க. முகாமில அரிசி தந்தாங்க, ஆக்கப் பானை இல்ல. எழுத்துருவையும் உள்ளுக்க வெச்சு அனுப்புவம் கா.”

வைத்தோம். கோப்பு ஊதிப்போய், எங்கள் இணைய இணைப்பில் பாதிவழியில் அறுந்தது. அவளுக்கு அதுவும் உற்சாகம்தான். எழுத்துருவில் ஆயிரக்கணக்கான எழுத்துகள்; கையேட்டில் வருபவையோ கொஞ்சம். அவற்றை மட்டும் உள்ளே வைக்கும் வழியைக் கண்டதும் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

ஆனால் உடனே அனுப்ப விடவில்லை.

“எங்கட கம்ப்யூட்டர் எங்களுக்குப் பொய் சொல்லும். ஒண்டும் இல்லாத மெசின்ல பார்க்கோணும்.”

அப்படியொரு பழைய கணினி காத்தான்குடியில் ஒரு கடையில் இருந்தது. எங்கள் தமிழ் ஊரும் அந்த முஸ்லிம் ஊரும் முறைத்துக்கொண்டிருந்த நேரம். போகவேண்டாம் என்று தடுத்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். அவள் என்னை இழுத்து பஸ்ஸில் ஏற்றினாள்.

திறந்தோம். ஒரு பெட்டிகூட இல்லை. பக்கம் முழுக்க எழுத்து. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம்.

“இதெல்லாம் வாசிப்பியா புள்ள?”

“ஒரு எழுத்தும் தெரியாது நானா. ஆனா வந்திட்டு, பாருங்க.”

மூவரும் சிரித்த சிரிப்பில் தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

கொழும்பு அந்தக் கையேட்டைத் தன் பெயரில் வெளியிட்டது. எங்கள் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் அடுத்த வேலை வந்தது. அலுவலகம் திறந்தே இருக்கிறது.

நேற்று அந்தப் புதிய கையேட்டோடு தனியாகக் காத்தான்குடிக்குப் போனேன். மற்றப் பிள்ளை எங்கே என்று நானா கேட்டார். சொன்னேன். அவர் தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டு, பக்கத்தில் நின்று கடைசிப் பக்கம் வரை பார்த்தார். ஒன்றும் இல்லாதவனின் திரையில் தெரியாத எதையும் முடிந்த வேலை என்று இனி நான் சொல்லமாட்டேன். தர்ஷினியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்.